புள்ளி தின்னும் கருவி

பார்சல் அத்தை என்று சொன்னால்தான் அந்தக் குடும்பத்தில் ஆள் யாரென்று தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் அண்ணி கேட்டாள், "ஆபீஸ் விட்டு வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்துக்கறியே, அப்படி என்னதான் பண்றே?" என்று. இவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பேக்கேஜ் பண்றேன் அண்ணி" என்றாள். அண்ணிக்குப் புரிந்தது பார்சல் கட்டுவது. அத்தோடு பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணன் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது மூன்று அட்டைப்பெட்டிகளும் ஒரு பெரிய டேப்புச் சுருளும் இவள் வீட்டு வாசலில் வந்து இறங்கின. "நீதான் இதுல கைதேர்ந்தவளாச்சே!" என்றாள் அண்ணி. மறுபேச்சுப் பேசாமல் மூன்றையும் கட்டிக்கொடுத்தாள். நன்றாகவே கட்டினாள் என்பது வேறு விஷயம்.

நாமும் அவளை அத்தை என்றே சொல்வோம். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று குடைகிறவர்களும் இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காதபோது அதைவிட மோசமாக இருந்தது. இரண்டாவது மாடியில் ஒன்றரை அறை வீடு. அந்த அரை அறையில் ஒரு மேஜை, ஒரு கணினி, மூடியில்லாத ஒரு ஸ்கேனர். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் அடுத்தவர் துணிகள். எந்தச் சட்டை புதிது, எந்தச் சட்டை பழசு என்பது வரை அத்தைக்கு அத்துப்படி. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியாது.

வேலை குடிநீர் வழங்கும் அலுவலகத்தில், வரைபடப் பிரிவில். தரைக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்டும் பழைய படங்கள் அங்கே அலமாரி அலமாரியாக இருந்தன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது அத்தைதான் ஸ்கேன் செய்தாள். அங்கேதான் அந்தக் கருவி அவள் வாழ்க்கைக்குள் நுழைந்தது.

கணினியில் படம் இரண்டு தினுசு. ஒன்று ஸ்கேனரும் கேமராவும் கொடுப்பது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் கட்டம் கட்டமாக நிறம். பெரிதாக்கினால் வட்டம் படிக்கட்டு மாதிரி உடைந்துபோகும். இன்னொன்று கோட்டுப் படம். இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி என்று கணக்காகச் சொல்லி வைத்திருப்பது. அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். முதல் தினுசை இரண்டாம் தினுசாக மாற்றுவது கருவியின் வேலை. அதற்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு, நமக்கு அது வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள் அது. ஏதோ ஒரு குளிர் நாட்டு மாணவன் எழுதியது.

குழாய்ப் படங்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. முப்பது நாற்பது வருடத்துத் தாள்கள், மசிச் சொட்டும் பூச்சி எச்சமும் இல்லாத தாளே கிடையாது. கருவிக்குள் ஓர் எண் இருந்தது, இருபது என்று. இருபது கட்டத்துக்கும் சின்னதாக இருப்பதெல்லாம் அழுக்கு, தூக்கிப்போடு என்று அர்த்தம். தூசி எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போகும், குழாய்கள் மட்டும் பளிச்சென்று நிற்கும். இரண்டு வருடம் அத்தை சந்தோஷமாக வேலை பார்த்தாள். பிறகு அலுவலகம் ஒரு பெரிய மென்பொருளை வாங்கியது. அது ஸ்கேனர் சத்தம் அடங்குவதற்குள் எல்லாவற்றையும் தானாகச் செய்துவிட்டது. மேலதிகாரி சிரித்துக்கொண்டே, "இனிமே உங்களுக்கு ரெஸ்ட் மேடம்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அத்தை அன்று மதியம் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அதே மாதம்தான் அந்தக் கருவி அநாதை ஆனது. இது அத்தை சொல்லும் வார்த்தை இல்லை, அந்த உலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு மென்பொருளை ஒருவர் எழுதிவிட்டால் மட்டும் போதாது. உங்கள் கணினியில் ஒரு பெயரைத் தட்டினதும் அது வந்து உட்கார வேண்டுமென்றால், இதற்கு முன்னால் எது எது வேண்டும், எந்தக் கோப்பு எங்கே போகவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டி, சோதித்து, இணையத்தில் எல்லோருக்குமாக இருக்கும் பொது அலமாரியில் வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கட்டுத்தான் பேக்கேஜ். கட்டுகிறவர் விலகிவிட்டால் அதை அநாதைப் பட்டியலில் போடுவார்கள். யாராவது தத்து எடுத்துக்கொள்ளலாம். அத்தை எடுத்துக்கொண்டாள். விஷயத்தைக் கேள்விப்பட்ட அண்ணன், "கல்யாணம் வேணாம்னுட்டு ஒரு சாஃப்ட்வேரைத் தத்தெடுத்திருக்கா பாரு" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். தத்து எடுத்ததற்கு வந்த ஒரே வாழ்த்து அதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கருவியைக் கீழே இருந்து தாங்கும் வேறு மென்பொருள் ஏதாவது மாறும். மாறினால் கட்டு அவிழும். அத்தை திரும்பக் கட்டுவாள். சனிக்கிழமைகள் அப்படிப் போயின. குளிர் நாட்டு மாணவன் ஆறு வருடத்துக்கு முன்னால் கடைசியாக எழுதினான்: குழந்தை பிறந்திருக்கிறது, இனி எனக்கு நேரமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அத்தை நாலு முறை அடித்துத் திருத்தி ஒரு வாழ்த்து அனுப்பினாள். பதில் வரவில்லை. பிள்ளைக்காரன், என்ன செய்வான் பாவம்.

அந்தப் பொது அலமாரியில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. சம்மதம் கொடுத்த கணினிகள் வாரத்துக்கு ஒருமுறை, நான் இன்னின்னதைப் பயன்படுத்துகிறேன் என்று சொல்லும். திங்கட்கிழமை எண் வெளியாகும். அத்தை தத்தெடுத்தபோது நாற்பத்தொன்று. பிறகு இருபத்தாறு, ஒன்பது, நாலு. கடந்த மூன்று வருடமாக ஒன்று. அந்த ஒன்று அவளே. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் பார்ப்பாள். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, யாரது என்று தானே கேட்பது போலத்தான் அது. இருந்தாலும் பார்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பொது அலமாரியைச் சுத்தம் செய்யும் தொண்டர் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையான ஆள்தான். இந்தக் கருவியைக் கட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, மூன்று வாரத்துக்குள் ஒரே ஒருவராவது நான் பயன்படுத்துகிறேன் என்று எழுதினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எடுத்துவிடலாம், கட்டுகிறவர் சொல்வது கணக்கில் வராது என்று விஷயம். கடைசியில், இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்று ஒரு வரி.

அத்தைக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஒரே ஓர் ஆள். இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியைப் பொய்யாக எழுதச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

பதினோரு வருடத்துப் புகார்களை எடுத்துப் பார்த்தாள். மொத்தம் ஏழு. இரண்டு அவளே எழுதியது. ஒன்று முடி கொட்டுவதற்கு மருந்து விற்கும் விளம்பரம். மூன்று பேருக்குக் கடிதம் போட்டாள். ஒருவர் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டார், ஒருவர் பதில் போடவில்லை, ஒருவருடைய முகவரியே இப்போது இல்லை. ஏழாவது, எட்டு வருடத்துக்கு முந்தையது. எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில் ஒரே ஒருவர் தமிழில் எழுதியிருந்தார்:

"ஐயா, உங்கள் கருவி எங்கள் எழுத்துகளின் புள்ளிகளை எல்லாம் தின்றுவிடுகிறது. அம்மா என்று கொடுத்தால் அமமா என்று தருகிறது. ஆடு கத்துவது போல் இருப்பதாக வாடிக்கையாளர் சொல்கிறார். தயவுசெய்து கவனிக்கவும். இப்படிக்கு, ரப்பர் ஸ்டாம்ப் கடை, பழைய தபால் நிலையம் எதிரில்."

அத்தைக்கு அந்தப் புகார் நன்றாக நினைவிருந்தது. படித்த அன்று சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. குழாய்ப் படத்தில் சின்னப் புள்ளி என்றால் அழுக்கு. நம் எழுத்தில் அதுதான் மெய். இருபதுக்குள் அடங்கும் புள்ளியை எல்லாம் கருவி தூசி என்று நினைத்து வழித்துப் போட்டிருக்கிறது. இரண்டே நாளில் சரிசெய்தாள். இருபதைப் பூஜ்யமாக்கி, புதுக் கட்டு கட்டி, தமிழிலேயே பதில் அனுப்பினாள். அவள் செய்ததிலேயே அவளுக்குப் பெருமை தந்த திருத்தம் அது. இப்போது தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பதில் போய்ச் சேரவே இல்லை. கடைக்காரர் கணினியில் தன் மின்னஞ்சல் முகவரியைச் சரியாக எழுதி வைக்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்த கடிதம், விளம்பரக் குப்பைகளோடு எட்டு வருடமாகக் கிடந்திருக்கிறது.

பழைய தபால் நிலையம் இரண்டு பேருந்து மாறினால் வந்துவிடும். எட்டு வருடமாக அவள் போனதில்லை. எதற்குப் போக வேண்டும், வேலைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, புதுக் கட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கணினி எவ்வளவு பழசு என்பது, புகாரின் அடியில் கணினி தானாகச் சேர்த்திருந்த குறிப்பில் இருந்தது. அதற்கு ஏற்ற மாதிரி தனியாகவும் ஒன்று கட்டியிருந்தாள்.

கடை இருந்தது. ஓர் ஆள் அகலம், ஐந்து ஆள் நீளம். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் வரிசை வரிசையாக ஸ்டாம்ப் கைப்பிடிகள். பின்னால், கோட்டுப் படத்தைக் கொடுத்தால் அதன்படி ரப்பரைச் சுட்டுச் செதுக்கும் லேசர் இயந்திரம், கடை முழுக்கக் கருகின வாடை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா. வட்டமா, சதுரமா?"

"ஸ்டாம்ப் வேணாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஒரு புகார் எழுதினீங்க..."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் யாரைப் பத்தியும் எந்தப் புகாரும் எழுதலையே. எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?"

"இல்லீங்க. புள்ளி. அம்மா, அமமா."

ஸ்டாம்ப்காரர் ஒரு நொடி திகைத்தார். பிறகு தலையை உள்பக்கம் திருப்பி, "அக்கா! எட்டு வருஷம் கழிச்சு பதில் வந்திருக்குக்கா! அதுவும் நடந்தே வந்திருக்கு!" என்று கத்தினார்.

உள்ளே கணினி முன்னால் எழுபது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் அசையாமல் கிடந்தது. வலது கை மவுஸின் மேல் இருந்தது. அவருடைய அக்கா. முன்பு தையல்காரி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, அதற்குப் பிறகு தம்பியோடுதான் என்று அவர் சொன்னார். அக்கா அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தியா?" என்றாள். நாக்குக் கொஞ்சம் குழறியது.

"நீங்க இன்னும் அந்தக் கருவியைத்தான் வெச்சிருக்கீங்களா?" என்றாள் அத்தை.

"வேற என்னத்தை வெக்கறது? அப்டேட் பண்ணுன்னு ஒரு பெட்டி வந்து நிக்கும், மூடிருவேன். ஓடுற மெஷினை எதுக்குக் கிளறணும்?" என்றார் ஸ்டாம்ப்காரர். "பாக்கறீங்களா?"

யாரோ ஒரு தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஸ்டாம்ப் கேட்டிருந்தாராம். 'அன்புடன்' என்று கையால் எழுதிய தாளை ஸ்கேன் செய்து, அக்காவைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி உட்கார்ந்து, கருவிக்குள் விட்டார். 'அனபுடன' என்று வந்தது. அவர் எழுந்துகொள்ள, அக்கா நாற்காலியை ஒரு காலால் தள்ளிக்கொண்டு திரைக்கு நேராக வந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். ஒரு சொடுக்கு, ஒரு புள்ளி. தள்ளி நின்று பார்ப்பது போலத் தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். இன்னொரு சொடுக்கு. அன்புடன்.

"ஒரு நாளைக்கு முந்நூறு புள்ளி வெப்பேன்" என்றாள் அக்கா. "சட்டைக்குப் பித்தான் தெக்கற மாதிரிதான் இதுவும். நடுவுல நிக்கணும், இழுத்துக்கிட்டு நிக்கக் கூடாது. கொஞ்சம் பெரிசாவே வெப்பேன். சின்னதா வெச்சா ரப்பர்ல சீக்கிரம் தேஞ்சிரும்."

எட்டு வருடம். அத்தை மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். இவள் இரண்டு நாளில் சரிசெய்ததை அறியாமல் ஒருத்தி எட்டு வருடமாகக் கையால் புள்ளி வைத்திருக்கிறாள். அத்தைக்குத் தாங்கவில்லை. பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன். கைப்பையைத் திறந்து பென் டிரைவை எடுத்தாள்.

"அதை நான் அப்பவே சரி பண்ணிட்டேன்க்கா. நான் போட்ட பதில் உங்களுக்கு வந்து சேரல. இதைப் போட்டா புள்ளியெல்லாம் தானாவே வந்துடும்."

"எல்லாமா?" என்றாள் அக்கா.

"எல்லாம்."

"பாத்தியாக்கா, இனிமே உனக்கு ரெஸ்ட்" என்றார் தம்பி. சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா "ம்" என்றாள். மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கையாலேயே மடக்கி, மேஜைமேல் வைத்தாள்.

அந்த ரெஸ்ட் எப்படி இருக்கும் என்று அத்தைக்குத் தெரியும். அலுவலகத்துக் கழிவறையின் குழாய்ச் சத்தம் வரை ஞாபகம் வந்தது. கையில் இருந்த பென் டிரைவைப் பார்த்தாள், மவுஸை விட்ட அக்காவின் கையைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு இருக்குக்கா" என்றாள். "புள்ளிய விட்டா அழுக்கும் சேந்து வந்துடும். எது புள்ளி, எது தூசின்னு மெஷினுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா உடனே. கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறியது.

"அதான் சொல்றேன். புதுசைப் போட்டுட்டு, அந்த எண்ணை மட்டும் பழையபடி இருபதுன்னே வெச்சுடறேன். அது தின்னட்டும். நீங்க வெச்சுக்குங்க."

அப்படியே செய்தாள். உலகத்தில் வேறு யாராவது பேக்கேஜ் கட்டுகிறவர், தானே திருத்திய தவறைத் தானே திரும்ப வைத்துவிட்டு வந்திருப்பாரா என்று தெரியவில்லை. கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது ஸ்டாம்ப்காரர், "வரிக் கணக்கா?" என்று பதறினார். "யாரு யாரு இருக்கோம்னு பாக்கற கணக்கு" என்றாள் அத்தை. சரி என்றார். சுத்தம் செய்யும் தொண்டருக்கு ஒரு கடிதமும் இரண்டு விரலால் தட்டி அனுப்பினார், தமிழில்தான்: கருவி புள்ளிகளைத் தின்கிறது, என் அக்கா வைக்கிறாள், எங்களுக்குப் பழகிவிட்டது, எடுத்துவிடாதீர்கள்.

வாசல் வரை வந்து வழியனுப்பியபோது மெதுவாகக் கேட்டார், "நெசமாவே அழுக்கு வருமா?"

"கொஞ்சம் வரும்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சமே கொஞ்சம்."

"நல்லதும்மா" என்றார் அவர்.

தொண்டர் அந்தக் கடிதத்தை ஏதோ மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு முழுதாக விளங்கவில்லை, ஆனால் யாரோ இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது, நீக்கும் யோசனையைக் கைவிடுகிறேன் என்று பதில் போட்டார். அடுத்த திங்கட்கிழமை எண் இரண்டு. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடியே, "ரெண்டு" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆளில்லாத வீட்டில் தன் குரலைக் கேட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அண்ணியிடம் போனில் சொன்னாள்.

"ரெண்டு லட்சமா?"

"இல்ல அண்ணி. ரெண்டு."

"ஓ" என்றாள் அண்ணி. பிறகு தன் மகள் ஊருக்கு வருவதைப் பற்றிப் பேசினாள்.

அந்தக் கடைக்குத் திரும்பப் போக வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. சும்மா போய் நிற்க அவளுக்கு வராது. ஒரு காரணம் வேண்டும். ஒரு மாதம் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தாள். வெள்ளைத் தாளில் 'பார்சல் அத்தை' என்று எழுதி எடுத்துக்கொண்டு போய், ஸ்டாம்ப் வேண்டும் என்றாள்.

"இதென்ன பேரு?" என்றாள் அக்கா.

"வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அண்ணி கதையையும் அட்டைப்பெட்டிக் கதையையும் கேட்டு அக்கா ஒரு பக்கத்து வாயால் சிரித்தாள். மூன்று புள்ளி. மூன்றையும் நிதானமாக வைத்தாள். கடைசிப் புள்ளியை அழித்துவிட்டு இன்னொரு தரம் வைத்தாள். அத்தைக்குக் கடிதம் போடுவதற்கு யாரும் கிடையாது, ஸ்டாம்ப் குத்த ஒரு தாளும் கிடையாது. வீட்டில் இருந்த புத்தகங்களின் முதல் பக்கத்தில் எல்லாம் குத்தினாள், பதினான்கு புத்தகம். பிறகு ஸ்டாம்பைக் கைப்பையிலேயே போட்டு வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் போகக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. திங்கட்கிழமை தவறாமல் இரண்டு என்று வந்தது, அது போதும் என்று இருந்துவிட்டாள். அக்கா புள்ளி வைக்கிறாள் என்று அர்த்தம்.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை எண் ஒன்று என்று வந்தது. கணினி பழுதாகியிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் ஒன்று. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். மூன்றாவது வாரமும் ஒன்று என்று வந்தபோது, ஒரு போன் நம்பர்கூட வாங்கி வைக்காத தன் கூச்சத்தைத் திட்டிக்கொண்டே சனிக்கிழமை பேருந்து ஏறினாள்.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஸ்டாம்ப்காரர் தனியாக உட்கார்ந்து கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் நாற்காலியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

"அக்கா போயிட்டாம்மா" என்றார். "இருபத்தி ரெண்டு நாளாச்சு. தூக்கத்துலயே. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல, உங்க நம்பர் இல்ல. ஸ்டாம்ப் ரசீதைப் பாத்தா பார்சல் அத்தைன்னு இருக்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அத்தை அழுதாள். இரண்டே முறை பார்த்த ஒருத்திக்காக, பேர் தெரியாத ஒரு கடையில் நின்றுகொண்டு, மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அழுதாள். அவர் கையில் துணியோடு அப்படியே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்குத்தான் கடை தெறந்தேன்" என்றார். "அந்த அழுக்கு... கொஞ்சமே கொஞ்சம்தான் வரும்னீங்கல்ல?"

"ஆமா."

"அப்ப அதை மாத்திக் குடுத்துடுங்க. புள்ளி தானா வரட்டும்."

அட்டைப்பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கணினி எழுந்துவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருபதை அழித்துப் பூஜ்யம் போட்டாள். அரை நிமிட வேலை. யாரோ கொடுத்துவிட்டுப் போன தாளை அவர் ஸ்கேனரில் வைத்தார். 'நன்றியுடன்' என்று எழுதியிருந்தது. அப்படியே வந்தது, இரண்டு புள்ளியோடு. அழுக்கு ஒன்றுமில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "அக்கா வெச்சது இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கும்" என்றார்.

அத்தை கைப்பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து, மேஜைமேல் இருந்த மைப்பெட்டியில் ஒற்றி, ஒரு துண்டுத் தாளில் குத்தினாள். பார்சல் அத்தை. மூன்று புள்ளிகளும் கொழுகொழுவென்று, நடுவில் நின்றன.

"ஆமா. இதான்" என்றார். விரலை மேலே வைக்கப் போய், மை ஈரமாக இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "இந்த அளவுக்கு மெஷினே வெக்கற மாதிரி பண்ண முடியாதா?"

"பெரிசு பண்ணலாம். ஆனா எந்த எழுத்துக்கு எவ்வளவு, எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியாதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் காத்திருந்தது இரண்டு பேருக்கும் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

"சரி விடுங்க. இதுவே போதும்" என்றார் ஸ்டாம்ப்காரர். அந்தத் துண்டுத் தாளை மட்டும், வெச்சுக்கட்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தை இந்த முறை தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் எண்ணைப் பார்த்தாள். இரண்டு. அக்கா இருந்தபோதும் அது இரண்டுதான். கணினியை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.